ஒரு வாரம் மிச்சம் இருக்கும்போதுதான்

பிப்ரவரி 5, திங்கள்

பெரிலின் துணி அலமாரியில் கம்பளிப் போர்வை தேடப் போனேன். அங்கே ஒரு மருந்துக்கடையே இருக்கிறது. தோலுக்குத் தடவும் களிம்பு குவியல் குவியலாக. மலச்சிக்கல் பொடி, பிரிக்காத பெட்டிகளாக. என்றைக்கோ தோள்பட்டை வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை, தோள் சரியாகி வருஷங்கள் ஆன பிறகும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது.

ஏனடி இதையெல்லாம் வாங்குகிறாய் என்று கேட்டேன். மறு மருந்து கேட்கும் சீட்டில் எல்லா மருந்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறதாம். சிலதுக்கு மட்டும் டிக் போட்டு மற்றதை விட்டால் டாக்டர் தப்பாக நினைப்பாராம்.

"எழுதிக் குடுத்தவரு மனசு கஷ்டப்படும்லக்கா."

டாக்டர் மனம் நோகாமல் இருக்க மலச்சிக்கல் பொடி வாங்குகிறாள் என் தங்கை. வயது அறுபத்தெட்டு. புருஷன் போன பிறகு என்னோடு வந்து ஆறு வருஷமாக இருக்கிறாள். என் வீட்டு மாடியில் இப்படி ஒரு கிடங்கு நடத்துகிறாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிப்ரவரி 8, வியாழன்

கிளினிக்கில் நோயாளிகள் குழுக் கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக வந்தவர்கள். மருந்து வீணாவதைப் பற்றி மேலாளர் பேசினார். கடையை விட்டு வெளியே போன மருந்தைத் திருப்பிக் கொடுத்தாலும் இன்னொருவருக்குத் தர முடியாது, பிரிக்காத பெட்டியாக இருந்தாலும் எரிக்கத்தான் வேண்டும் என்றார். எல்லோரும் ஐயோ பாவம் என்று தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களில் வில்ஃப் ஹார்கிரீவ்ஸும் ஒருவர். உடம்பு தேற என்று கிளினிக் இலவசமாகத் தருகிற சத்துப் பாலைத் தன் ஓட்டப்பந்தய நாய்க்கு ஊற்றுகிற மனிதர். நாய் பெயர் டச்சஸ். நாய் நன்றாகத்தான் தேறியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காத்திருப்போர் அறையில் ஒரு மேஜை போட்டு ஜனங்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மேஜைமேல் எதை வைப்பது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

மேஜை பெரிய வெற்றி. பெரிலின் களிம்பு, பொடி, மாத்திரை எல்லாவற்றையும் கொட்டிப் பரப்பி, நடுவில் அவளுடைய பையையும் வைத்தேன். "இது அத்தனையும் ஒரே வீட்டில்" என்று கொட்டை எழுத்தில் ஒரு அட்டை. பெயர் போடவில்லை. எனக்கும் நாகரிகம் தெரியும்.

அதே நேரத்தில்தான் பெரிலும் இரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பச்சை மஞ்சள் பின்னல் பையை அவள் கையாலேயே பின்னினாள் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? ஒவ்வொருவராக மேஜையைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதும் மறுபடி மேஜையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அவள் கழுத்து வரை சிவந்து, கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள். எழுந்து வெளியே போயிருக்கலாம், போகவில்லை. முறையை விட்டுப் போனால் நர்ஸ் வருத்தப்படுவாள் என்று இருந்திருப்பாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றுதான் சொன்னாள். "பையையாவது மாத்தியிருக்கலாம்க்கா."

கொஞ்சம் கூச்சப்பட்டால்தான் புத்தி வரும். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் இருந்தவள் நான். இரண்டாம் தடவை கஸ்டர்ட் கேட்டு வரும் பிள்ளையின் முதல் தட்டை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினால் போதும். மறுநாள் கேட்காது.

பிப்ரவரி 14, புதன்

இனிமேல் பெரிலின் மருந்தை நான்தான் கேட்டு வாங்குவேன். கிளினிக்கில் அவளைக் கையெழுத்துப் போட வைத்து, வரவேற்பாளர் லொரெய்னிடம் சொல்லியாயிற்று. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கையில் ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

எத்தனை நன்றாக நடத்துகிறீர்கள் கண்ணு என்றாள் லொரெய்ன். என்னைவிட முப்பது வயது சின்னவள், எல்லோரையும் கண்ணு என்கிறாள். இருந்தாலும் இன்றைக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பெரிலுக்கு இனி இதய மாத்திரை, அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை. மூன்றே மூன்று. மற்றதெல்லாம் ஒழிந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

வில்ஃப் நாயோடு வாசலில் வந்து நிற்கிறார். கால்வாய்க் கரையில் ஒரு நடை போய் வரலாமா என்று பெரிலைக் கேட்டார். எழுபது வயதில் நடையாம். அன்று மேஜையைப் பார்த்த பிறகு அவள்மேல் பரிதாபம் வந்துவிட்டது போலிருக்கிறது. என்னைப் பார்த்து யாருக்கும் எதுவும் வந்ததில்லை.

அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். சேற்றுக் காலோடு.

மார்ச் 9, வெள்ளி

மருந்து வாங்கி வந்தேன். எண்ணிப் பார்த்து அவள் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் சரி.

மார்ச் 14, புதன்

பெரிலின் ஷூ காலில் ஏறவில்லை. வில்ஃப் வாங்கித் தருகிற கிரீம் கேக் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டேன். இல்லையாம், வீக்கமாம். எனக்குத் தெரியாமல் டாக்டருக்குப் போன் செய்திருக்கிறாள். கொஞ்ச நாளைக்கு நீர் மாத்திரையைக் காலையில் ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போடச் சொன்னாராம் அவர்.

பெட்டியை எடுத்து வந்து காட்டினேன். தினம் ஒன்று என்று அச்சடித்திருக்கிறது. போனில் சொன்னது எனக்குத் தெரியாது, அச்சில் இருப்பதுதான் தெரியும் என்றேன். இரண்டிரண்டாக விழுங்கித் தீர்த்துவிட்டு என்னிடம் வந்து நிற்காதே என்றும் சொன்னேன். சரிக்கா என்றாள். அவள் எதற்குத்தான் சரிக்கா சொல்லவில்லை?

மார்ச் 20, செவ்வாய்

வந்து நின்றாள்.

நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கடன் கேட்க வந்தவள் மாதிரி நின்றாள். "அந்த நீர் மாத்திரை மட்டும் கொஞ்சம் முன்னாடியே கேக்க முடியுமாக்கா? தீரப் போகுது."

"உனக்கு அடுத்த புதன்கிழமைதான் கேக்கணும். இப்பவே எப்படித் தீரும்?"

"டாக்டரு ரெண்டு போடச் சொன்னாருல்ல."

"மறுபடியும் அலமாரி ரொப்பப் போறியா? அப்ப சொல்லு. ஈஸ்டருக்கு இன்னொரு மேஜை போட்டுடறேன்."

அவ்வளவுதான். முகம் அப்படியே மூடிக்கொண்டது. பரவாயில்லக்கா, ஒண்ணொண்ணா போட்டுக்கிறேன், வரும்ல என்றாள். பார், வழி இருந்திருக்கிறது. நான் அழுத்திச் சொன்னதால்தான் அந்த வழி அவள் கண்ணில் பட்டது.

மார்ச் 23, வெள்ளி

மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறாள். நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே. நாடகம்.

மார்ச் 26, திங்கள்

வில்ஃப் வந்தார், இந்தத் தடவை என்னைப் பார்க்க. நாயை வெளியே கட்டிவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். இரக்கம் காட்ட வருகிற ஆம்பிளைகள் எல்லோரும் இப்படித்தான் தொப்பியைக் கழற்றுவார்கள்.

பெரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மாத்திரை போடுகிறாளாம். இருக்கிறதை இழுத்துப் பிடிக்கிறாளாம். கால்வாய்ப் பாலம் வரைகூட நடக்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம். "ஈஸ்டருக்கு வெள்ளிக்கிழமையிலேருந்து நாலு நாள் கிளினிக்க மூடிருவாங்க ஹில்டா. இன்னிக்கு கேட்டாத்தான் அதுக்குள்ள வரும். நீங்க கேக்கலைன்னா அவ தானா கேக்க மாட்டா, உங்களுக்கே தெரியும்."

எனக்கு நாட்காட்டி பார்க்கத் தெரியும் என்றேன். நாய்க்குச் சத்துப் பால் ஊற்றுகிறவர் மருந்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்றேன். என் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். "அவளுக்கு உங்ககிட்ட பயம், ஹில்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பயமாம். சூப் வைத்துக் கொடுக்கிறேன், துணி துவைத்துப் போடுகிறேன், வாடகை ஒரு காசு வாங்கினது கிடையாது. என்ன பயம்?

இன்றைக்கே கேட்டிருப்பேன். அவர் வந்து சொன்ன பிறகு கேட்டால், அவர் சொல்லிக் கேட்டது மாதிரி ஆகிவிடும்.

மார்ச் 28, புதன்

என் கணக்குப்படி இன்றைக்குத்தான் நாள். சீட்டைக் கிளினிக் பெட்டியில் போட்டேன். இரண்டு வேலை நாள் ஆகும், நடுவில் விடுமுறை, செவ்வாய்க்கிழமை வாருங்கள் கண்ணு என்றாள் லொரெய்ன். அவசரமா, வேண்டுமானால் டாக்டரிடம் இன்றைக்கே தனியாகச் சொல்லிப் பார்க்கட்டுமா என்றும் கேட்டாள். பின்னால் வரிசையில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்று பேரும் என் மேஜையைப் பார்த்தவர்கள்.

அவசரம் ஒன்றும் இல்லை என்றேன்.

மார்ச் 30, புனித வெள்ளி

சிலுவை பன் சுட்டேன். பெரில் ஒன்றைப் பாதி கடித்துவிட்டு வைத்துவிட்டாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், நாற்காலியிலேயே சாய்ந்து தூங்குகிறாள். டிவி பார்த்துக்கொண்டு தூங்கிப் போகிறவளுக்குப் படுக்கை எதற்கு என்று கேட்டேன். சிரித்தாள். சிரிக்கவும் மூச்சு வேண்டியிருக்கிறது அவளுக்கு.

மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்குக்கா என்றாள். டப்பாவைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மார்ச் 31, சனி

கையும் களவுமாகப் பிடித்தேன். சமையலறை மேஜைமேல் ஒரு அட்டை நீர் மாத்திரை, வெளியே வில்ஃப் ஹார்கிரீவ்ஸ் என்று பெயர் ஒட்டியிருக்கிறது. தன்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒருவர் மருந்தை இன்னொருவர் சாப்பிடுவதா? இதைவிடப் பொறுப்பில்லாத காரியம் உண்டா? மேஜைக்காக எங்கள் குழு அச்சடித்த காகிதத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது.

பெரில் அதைத் தொடவில்லை. உன்னைக் கேட்டுட்டுப் போட்டுக்கலாம்னு வெச்சிருந்தேன்க்கா என்றாள். உதடு ஒரு மாதிரி நீலமாக இருந்தது. குளிர் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டேன்.

அட்டையை எடுத்துக்கொண்டு நேரே மருந்துக்கடைக்குப் போனேன், சனிக்கிழமை மதியம் வரை திறந்திருக்கும். இதை எரித்துவிடுங்கள் என்று கொடுத்தேன். கடைக்காரர் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது நீர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று மெதுவாகக் கேட்டார். "தீந்துபோச்சுன்னா சொல்லுங்கம்மா. ரெண்டு மூணு நாளைக்கு நானே குடுக்கலாம், டாக்டர் சீட்டு வேணாம். இந்த மாத்திரைய நிறுத்தக் கூடாது."

கடை நிறைய ஜனம். லொரெய்னின் அம்மா ஷாம்பு வாங்கிக்கொண்டு நின்றாள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தீரவில்லை என்றேன்.

ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு

ஆம்புலன்ஸ் வந்தது. காலையில் தேநீரோடு போனேன், நாற்காலியில் முன்னால் குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேச முடியாமல்… கொதிக்கிற தண்ணி மாதிரி சத்தம் நெஞ்சுல. நான்தான் போன் பண்ணேன். நான்தானே பண்ணேன்? என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு கேட்டாங்க. டப்பாவை எடுத்துக் குடுத்தேன். நீர் மாத்திரை கட்டம் காலி. எப்பத்திலேருந்து காலின்னு கேட்டாங்க.

எனக்கு எப்படித் தெரியும்? அவ இருக்குன்னுதானே சொன்னா.

பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 3, செவ்வாய்

பிழைத்துக்கொண்டாள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம். ஊசி போட்டு லிட்டர் கணக்கில் வெளியே எடுத்துவிட்டார்கள். முகம் பாதியாகியிருக்கிறது. கணுக்காலில் எலும்பு தெரிகிறது, அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

கட்டில் பக்கத்து நாற்காலியில் திராட்சைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். இளம் பெண் டாக்டர் வந்தார். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். பெரில் என்னைக் காட்டிக் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்: அச்சில் ஒன்று என்றுதான் இருந்தது, இரண்டு என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை.

"என் தப்புதான் டாக்டர். தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. டாக்டர் எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். வீட்டுக்குப் போனால் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

பெரில் என் பக்கம் திரும்பினாள். ஒரு முழு நிமிஷம் பார்த்திருப்பாள். கோபம் இல்லை அந்த முகத்தில், அவளுடைய வழக்கமான மரியாதைதான் இருந்தது. பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"யாரும் இல்ல டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். இவர்கள் யார் என்று கேட்டார். "பாக்க வந்தவங்க" என்றாள் பெரில்.

திராட்சையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 6, வெள்ளி

கேட்டிருந்த மருந்து என்ன ஆயிற்று என்று கிளினிக்குக்குப் போன் செய்தேன். லொரெய்ன்தான் எடுத்தாள். பெரிலுடைய விஷயத்தை இனி உங்களோடு பேச முடியாது கண்ணு, அவங்க வேற ஆளை எழுதிக் கொடுத்துட்டாங்க என்றாள். யார் என்று கேட்டேன். அதையும் சொல்லக் கூடாதாம்.

சொல்ல வேண்டுமா என்ன.

ஏப்ரல் 12, வியாழன்

வில்ஃப் வண்டியோடு வந்து பெரிலின் சாமான்களை எடுத்துப் போனார். இரண்டு பெட்டி, பின்னல் ஊசிகள், ரேடியோ. அவள் வண்டியில்தான் இருந்தாள், டச்சஸின் தலை அவள் மடியில். இறங்கவில்லை. நான் வாசலுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள்.

எத்தனையோ சொல்ல நினைத்தேன். உனக்கு அங்கே வசதிப்படுமா, அந்த வீட்டில் நாய் நாற்றம் அடிக்குமே என்பதுதான் வாயில் வந்தது.

"பரவாயில்லக்கா. அங்க கேட்டா குடுக்கறாங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். கண்ணாடி ஏறியது. சூப் செய்து வைத்திருந்தேன், அவளுக்குப் பிடித்த பட்டாணி சூப். இரண்டு நாள் நானே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 24, செவ்வாய்

நோயாளிகள் குழுக் கூட்டம். மருந்து மேஜையை இலையுதிர் காலத்தில் மறுபடியும் போடலாமா என்று மேலாளர் கேட்டார். எல்லோரும் பிஸ்கட்டைப் பார்த்தார்கள். வேறு யாராவது செய்யட்டும் என்று முடிவாயிற்று. வேறு யார் பெயரையும் சொல்லவில்லை.

நான் என்ன தப்பு செய்தேன்? சட்டத்துக்கு வெளியே ஒரு காரியம் செய்யவில்லை. ஒரு நாள் முன்னாலும் கேட்கவில்லை, ஒரு நாள் பின்னாலும் கேட்கவில்லை. செய்ததில் ஒன்றைக்கூடத் தப்பு என்று யாராலும் எடுத்துக் காட்ட முடியாது. எடுத்துக் காட்ட யாரும் வரவும் இல்லை.

மே 9, புதன்

கால்வாய்க் கரையில் தூரத்தில் பார்த்தேன். பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள், ஷூ போட்டுக்கொண்டு, நாயின் கயிற்றைப் பிடித்தபடி. வேகமாக நடக்கிறாள்.

என்னைப் பார்த்திருப்பாள். கையை அசைத்தாள், எதிரில் வருகிற யாருக்கும் அசைப்பது போல.

மே 22, செவ்வாய்

என் தைராய்டு மாத்திரை ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கிறது. கேட்கப் போன் செய்தேன். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றாள் லொரெய்ன். நான் போனை வைக்கப் போகும்போது, ஒரு நிமிஷம் இருங்கள் என்றாள்.

"உங்க பதிவுல, அவசரம்னா கூப்பிட வேண்டிய ஆள்னு பெரில் பேரு இருக்கு கண்ணு. அவங்க போன வாரம் போன் பண்ணி, தன் பேர எடுத்துடச் சொல்லிட்டாங்க. உங்களுக்குத் தொந்தரவு குடுக்கறதுக்கு மன்னிப்புக் கேட்டதாவும் சொல்லச் சொன்னாங்க. அங்க யார் பேரைப் போடட்டும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட முடியாதாம். நாளைக்கு லொரெய்னே மறுபடி கூப்பிடுகிறாளாம்.